சாவு வீட்டில் பாடிய கோழிப் பாட்டு

போன புதன்கிழமை, மலாக்காவில் செங் பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஒன்றின் கேட்டில் என் ஆர்மோனியத்தை அரிசிக்காகச் சோதனை போட்டார்கள்.

ஆமாம்... அரிசிக்காகத்தான்! காட்டுக்குள் துப்பாக்கியோடு இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிடக்கூடாது என்று எமர்ஜென்சிச் சட்டம். டிபன் கேரியர், சைக்கிள் டியூப், பால் வாளி – எல்லாவற்றையும் திறந்து பார்க்கிறார்கள். ஆர்மோனியத்துக்கு மட்டும் என்ன சலுகை?

"இனி அப்பா?" என்றார் காவலுக்கு நின்ற மலாய்க்கார ஸ்பெஷல் கான்ஸ்டபிள். இது என்ன என்று கேட்கிறார். பாட்டுப் பெட்டி என்றேன். "பெராஸ் அடா?" – அரிசி இருக்கிறதா? இல்லை என்று தலையாட்டினேன். நம்பவில்லை. துருத்தியை அமுக்கி ஒரு கட்டையைத் தொட்டார். பெட்டி 'ஙொய்ங்' என்றது. மனிதருக்கு ஒரே குஷி. இன்னொரு கட்டையையும் தொட்டுப் பார்த்தார். பிறகுதான் என் முகத்தைக் கவனித்து, எங்கே போகிறாய் என்று கேட்டார்.

"ஓராங் மாத்தி," என்றேன். ஆள் செத்துவிட்டார்.

சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். பெட்டியை அவரே மூடி, பூப்போல என் கையில் கொடுத்தார்.

செத்துப்போனவர் வேலாயுதம். அந்த எஸ்டேட்டின் லாரி டிரைவர். காலையில் லாரியை ஸ்டார்ட் செய்யப் போனவர், ஏறும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான். இந்தக் காலத்தில் எஸ்டேட் லாரி டிரைவர் செத்தார் என்றால், முதலில் துப்பாக்கிதான் எல்லாருக்கும் ஞாபகம் வருகிறது. இவர் சாதாரணமாக, நெஞ்சு வலியில் போனார். அதுவே பெரிய அதிசயம் என்று அவரே ஹாஸ்யம் பண்ணியிருப்பார்.

எனக்கு எப்படி அவர் சிநேகிதம்? அதைச் சொல்லத்தான் இந்த வாரம் பேனாவை எடுத்தேன்.

நாங்கள் நாலு பேர், ஒரு காலத்தில் நிறைவுச் சபையில் இருந்தோம். இந்த ஊரில் அந்தச் சபையைத் தெரியாதவர்கள் கொஞ்சம். வெள்ளை உடுப்பு. வெங்காயம் கிடையாது, கோப்பி கிடையாது, சினிமாப் பாட்டு கிடையவே கிடையாது. வழியில் பார்த்துக்கொண்டால் ஒருவர் "நிறைவு!" என்பார், மற்றவர் "நிறைவே!" என்பார். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி – பல் தெரியச் சிரிக்கக்கூடாது. சிரித்தால் மனம் சிதறிவிடுமாம்.

நான் அங்கே ஆர்மோனியம் வாசித்தேன். எங்கள் நாலு பேரையும் வெளியே அனுப்பியதும் அதே ஆர்மோனியம்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை, மௌனப் பிரார்த்தனை. நூறு பேர் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்கள். என் முழங்கால் துருத்தியில் இடித்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு கட்டை சிக்கிக்கொண்டது. எருமை கத்துகிற மாதிரி ஒரு நீளமான சத்தம்... நிற்கவே மாட்டேன் என்கிறது! கண்ணைத் திறக்காமல் குரு சொன்னார், "ம்ம்... ஆகட்டும்."

யாருக்குப் பதில் சொன்னாரோ! வேலாயுதம் சிரித்துவிட்டார். அவரைப் பார்த்து டெய்லர் சுப்பையா. சுப்பையாவைப் பார்த்து கோபால். கடைசியில் நான்.

அடுத்த வாரம் நாலு பேரும் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள். வேலாயுதம் எழுந்தார். "கேக்கலாம் சாமி... ஆனா கேக்கறப்ப மறுபடியும் சிரிப்பு வந்துடுமே!" என்றார். வந்தும்விட்டது, நாலு பேருக்கும். கதை முடிந்தது.

சிரித்துக்கொண்டேதான் வெளியே வந்தோம். வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது – எனக்கு இந்த மலாக்காவில் தெரிந்த தமிழர்கள் அத்தனை பேரும் உள்ளே இருந்தார்கள்!

நான் ஊரிலிருந்து கப்பலேறி வந்தவன். கல்யாணம் இல்லை, காட்சி இல்லை. ஆபீஸ் விட்டால் சபை, சபை விட்டால் தெங்கேராவில் மாடியறை. சபை போனதும் மாடியறை மட்டும் மிஞ்சியது. நேற்றுவரை "நிறைவு" சொன்னவர்கள், என்னைக் கண்டதும் எதிர்க்கடை போர்டைப் படிக்க ஆரம்பித்தார்கள். சீனத்தில் எழுதிய போர்டைக்கூட! காய்ச்சலில் கிடந்தால் ஒரு டம்ளர் வெந்நீர் தர ஆள் இல்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்த மூன்று பேர் இல்லாவிட்டால் நானே போய் மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுப்பையாவின் கடை லீவு. அங்கே கதவைச் சாத்திக்கொண்டு கூடுவோம். சபையில் வெங்காயத்தைத் தொடாத கோபால், இப்போது கிளேபாங்கில் ரோட்டோரம் மீ கோரேங், அதாவது மீ பிரட்டல், போடுகிறார் – வெங்காயம் தாராளமாக. வரும்போது ஒரு பொட்டலம் கொண்டு வருவார். பால் விடாத கோப்பி ஓ வரும். வேலாயுதம் உள்ளே நுழையும்போதே "குறைவு!" என்பார். நாங்கள் "குறைவே!" என்போம்.

கதவைச் சாத்திக்கொண்டு நாலு பேர் பாடினால் இந்தக் காலத்தில் சும்மா விடுவார்களா? ஒரு நாள் மப்டியில் ஒரு டிடெக்டிவ் வந்துவிட்டார். தமிழர்தான்.

"என்னா சங்கம் இது?"

"சங்கம் இல்லைங்க. சங்கத்த விட்டவங்க," என்றார் வேலாயுதம்.

"இதுக்குத் தலைவர் யாரு?"

"தலைவர்னு ஒருத்தர் வந்தா, இதையும் விட்டுடுவோம் லா!"

அவர் கோப்பி குடித்துவிட்டு, ஒரு பாட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

என்ன பாட்டு? வேறென்ன, சபைப் பாட்டுதான்! எங்களுக்கு வேறு பாட்டுத் தெரியாதே. மெட்டு அதே மெட்டு. வார்த்தைகளை மட்டும் வேலாயுதம் மாற்றிவிடுவார். சபையில் யாராவது இறந்தால் பாடுகிற வழியனுப்புப் பாட்டு ஒன்று உண்டு. 'வந்த வழி போகும் உயிரே, வாசல் திறந்ததுவே' என்று ஆரம்பிக்கும். கேட்டால் கல்லும் கரையும். அதை அவர் இப்படி ஆக்கினார்:

வந்த பஸ்ஸும் போச்சு உயிரே, வாசல் அடைத்ததுவே
சொந்தமென்று சொன்ன கோழி சூப்பென ஆனதுவே!

இதைப் பாடாமல் எங்கள் ஞாயிற்றுக்கிழமை முடிந்ததில்லை. வருஷக்கணக்காகப் பாடினோம். கோழி இடம் வந்ததும் சுப்பையா மேசையில் கத்திரிக்கோலைத் தட்டித் தாளம் போடுவார்.

வேலாயுதத்தின் மனைவி பாக்கியம் மட்டும் சபையிலேயே இருந்துவிட்டார். வெள்ளிக்கிழமை தவறாமல் வெள்ளைப் புடவையோடு பஸ் ஏறி வருவார். எங்கள் மூன்று பேரையும் கண்டால் முகம் திரும்பிவிடும். நல்ல மனிதரைக் கெடுத்தவர்கள் நாங்கள் என்று எண்ணம். யார் யாரைக் கெடுத்தார்கள் என்பது வேறு விஷயம்!

அந்தப் பாக்கியம்தான் புதன்கிழமை எங்களுக்கு ஆள் அனுப்பினார்.

எஸ்டேட் லயத்து வரிசை வீட்டு வாசலில் வேலாயுதத்தைப் படுக்க வைத்திருந்தார்கள். சுற்றி ஜனம். ஆனால் சாவு வீட்டுச் சத்தம் ஒன்றும் இல்லை. தப்பு அடிக்க வந்தவர்கள் தப்பைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். சபை முறைப்படி தப்பு கூடாது என்று பாக்கியம் தடுத்துவிட்டாராம். சரி, சபை ஆட்கள் எங்கே? ஒருவரும் இல்லை.

எங்களைக் கண்டதும் பாக்கியம் எழுந்து வந்தார்.

"அண்ணே, சபைக்குச் சொல்லி அனுப்பினேன். வரமாட்டாங்களாம். விட்டுட்டுப் போனவருக்கு வழியனுப்பு கிடையாதாம்." குரல் உடைந்தது. "அந்தப் பாட்டு இல்லாம இவர எப்படி அனுப்புவேன்? சபையில பொம்பளைங்க பாடறதில்ல. வெளியில அந்தப் பாட்டு தெரிஞ்சவங்க நீங்க மூணு பேருதான். பாடுங்கண்ணே."

எஸ்டேட் கோயில் தலைவர் வந்து காதோடு சொன்னார், சுடுகாடு வேலிக்கு வெளியே இருக்கிறது, ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள், சீக்கிரம் ஆகட்டும் என்று.

"கிராணி, நீ ஆரம்பி லா," என்றார் கோபால். ஆபீஸில் குமாஸ்தா இல்லையா, என்னை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

உட்கார்ந்தேன். பெட்டியைத் திறந்தேன். எத்தனை சாவுக்கு வாசித்த பாட்டு! விரல் தானாகப் போயிற்று. 'வந்த வழி போகும் உயிரே, வாசல் திறந்ததுவே...' மூன்று பேரும் ஒரே குரலில் பாடினோம். பாக்கியம் கண்ணை மூடிக் கைகூப்பினார். அப்பாடா என்றிருந்தது.

அடுத்த அடி. சுப்பையா கண்ணில் தண்ணீர் வழிய, உருகி உருகி எடுத்தார்:

"சொந்தமென்று சொன்ன கோழி..."

நின்றுவிட்டது, எல்லாமே. சுப்பையா வாயைப் பொத்திக்கொண்டார். "சாவு வீட்டுல கோழியா?" என்று பின்னால் ஒரு பெரியவர் முணுமுணுத்தார். நான் அவசரமாக முதலிலிருந்து ஆரம்பித்தேன். 'சொந்தமென்று சொன்ன...' சொன்ன என்ன? வீடா, செல்வமா, உறவா? வரவில்லை. கோபாலைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் அசல் வார்த்தை ஞாபகம் இல்லை! இதோ, இதை எழுதும்போதுகூட இல்லை. பொய்ப் பாட்டைப் பாடிப் பாடி நிஜத்தைத் தொலைத்திருந்தோம். இருந்தாலும் அந்த இடத்திலா தெரியவேண்டும்? அந்தப் பெண் எங்களிடம் கேட்டது அது ஒன்றுதான். எனக்கு அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அப்போது பாக்கியம் பாடினார். அசல் அடியை எடுத்துக்கொடுக்கிறார் என்றுதான் நினைத்தேன். மெல்லிய குரல். அதே மெட்டு.

வெங்காயமில்லாச் சாம்பார் வைக்கும் வெள்ளைப் பாக்கியமே
பல்லைக் காட்டிச் சிரிச்சாலென்ன, பாவம் சேர்ந்திடுமோ?

நாங்கள் கேட்டிராத அடிகள் அவை.

"இது எங்க வீட்டு வரி," என்றார் பாக்கியம், கணவரைப் பார்த்துக்கொண்டே. "சாப்பிட உக்காந்தா பாடுவாரு. தெனமும். நான் ஒரு தடவகூட சிரிக்கல அண்ணே. அடுப்புப் பக்கம் திரும்பிக்குவேன்."

கோபால் தயங்கித் தயங்கிக் கேட்டார். "சிரிப்பு வந்துச்சா தங்கச்சி?"

"வந்துச்சு," என்றார். "வராம எப்படி இருக்கும்? அடக்கிக்குவேன். இவரு கொஞ்ச நேரம் என் முதுகையே பாத்துட்டு, அப்புறம் சாப்பிடுவாரு."



"அந்தப் பாட்டு வேணாம். இவரு பாட்டையே பாடுங்க," என்றார் பாக்கியம். தப்பு வைத்திருந்தவர்கள் பக்கம் திரும்பி, "நீங்களும் அடிங்க," என்றார்.

பாடினோம். பஸ், கோழி, சூப், வெங்காயம் எல்லாம் வந்தது. இரண்டாம் தடவை ஜனங்களும் சேர்ந்துகொண்டார்கள். முணுமுணுத்த பெரியவர்கூடப் பாடினார். பாக்கியம் பல் தெரிய வாயைத் திறந்தார். சிரிக்கத்தான் பார்த்தார். அழுகைதான் வந்தது. அந்தப் பாட்டோடு வேலாயுதத்தைத் தூக்கினோம். கேட்டில் நின்ற கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வழிவிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். மூன்று பேருக்கும் மூன்று மூலையில் இடம்.  

எங்கள் நாலு பேரில் வேலாயுதத்தைப் பார்த்துத்தான் எனக்குப் பொறாமை. ஞாயிறு சாயங்காலம் கடையைப் பூட்டும்போது, மனிதருக்குப் போய்ச் சேர ஒரு வீடு இருக்கிறது, சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார ஒருத்தி இருக்கிறாள் என்று நினைப்பேன். அவரோ, ஒரு வாரம் முழுக்க வீட்டில் கிடைக்காத சிரிப்பைத் தேடி எங்களிடம் பஸ் ஏறி வந்திருக்கிறார்! அவ்வளவு பேசிய மனிதர் அதை மட்டும் எங்களிடம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. சிரிப்பதற்கே நேரம் போதவில்லை எங்களுக்கு. அடுப்புப் பக்கம் திரும்பி நின்ற அந்தப் பெண்ணின் தனிமையோ... அதையும் நாங்கள் கேட்கவில்லை.

முந்தாநாள் ஞாயிறு. சுப்பையா கடையில் மூன்று பேரும் கூடினோம். கோப்பி வந்தது, மீ வந்தது. பெட்டியைத் திறந்து வைத்தேன். எப்போதும் முதல் அடி எடுப்பவர் வேலாயுதம்தான். நீ எடு, நான் எடு என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். கோப்பி ஆறியது. பெட்டியை மூடிவிட்டுக் கிளம்பினோம்.

இந்த வாரம் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இன்று ராத்திரி உங்கள் வீட்டில் யாராவது ஒரு மட்டமான ஹாஸ்யம் சொன்னால், முகத்தைத் திருப்பாமல் கொஞ்சம் சிரித்துவிடுங்கள். ரொம்ப மட்டமாக இருந்தால் இன்னும் பலமாகச் சிரியுங்கள். எனக்கு அந்த வசதி இல்லை. நேற்று என் மாடியறையில், எனக்குத் தெரிந்த மிக நல்ல ஹாஸ்யத்தை உரக்கச் சொல்லிப் பார்த்தேன்...

நாலு சுவரும் சபையில் சேர்ந்துவிட்டன போலிருக்கிறது.