செசிலி அக்காவின் ரவையும் உலக முடிவும்

இன்று காலை செசிலி அக்கா நாவற்குடாவில் உள்ள என் கடைக்கு வந்து, கிறிஸ்மஸ் கேக்குக்கு என்னிடம் வாங்கிய ரவையை மேசையில் வைத்தா.

“தம்பி, இதை எடுத்துப்போட்டு மெழுகுதிரி தாங்க. உலகம் முடியப்போகுதாம். மூண்டு நாள் இருட்டாம். இனி என்ன கேக்?”

ரவையைத் திருப்பி எடுத்தால் அவவின் பேரப்பிள்ளைகளுக்குக் கிறிஸ்மஸ் இல்லை. எனக்கும் பூச்சி பிடிக்கிற ரவைதான் மிச்சம்.

“அக்கா, சண்டைக்குள்ள கரண்ட் இல்லாம வருஷக்கணக்கா இருந்த நமக்கு மூண்டு நாள் இருட்டு ஒரு கணக்கா? பாலன் பிறந்த நேரம் ஏரோது ராசா பிள்ளைகளைக் கொல்லத் திரிஞ்சவன். நாடு அமைதியாகட்டும் எண்டு பாலன் காத்துக்கொண்டா இருந்தவர்?”

அக்கா ரவைப் பையைத் தொட்டுப் பார்த்தா.

“அப்ப ரெண்டையும் தாங்க. இருட்டுக்குள்ளயும் கேக் தின்னலாம்தானே.”

உலகம் முடியாவிட்டால் எனக்கும் ஒரு துண்டு வரும். உங்கள் வீட்டில் ரவை வறுத்தாச்சா, இல்லை நீங்களும் திரி தேடுறீங்களா?