எதிரே வந்தவர்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், வீடு தேடி வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். பிள்ளைகள் சிறியவர்கள் என்பதால் அண்ணி என்னை எழுதச் சொன்னார். எட்டாம் வகுப்போடு நின்றவன்; தெரிந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது அமராவதிபுதூரில். அப்பா தவறியதும் பள்ளியை விட்டு ஏர் பிடித்தார். மழை பொய்த்துக் கடலை கருகியது. தண்ணீருக்குப் போர் போட்டதில் புழுதிதான் வந்தது. எதற்கும் அவரிடம் ஒரே சொல்தான்: "இதுவும் நல்லதாப் போச்சு." உழவு மாடு செத்த அன்று, "சாணி அள்ற வேல மிச்சம்னு சொல்லுவாக, பாருங்க" என்றார் அண்ணி. "சொல்ல வந்தேன், நீ முந்திக்கிட்டே" என்று அண்ணன் சிரித்தார். மூத்த குழந்தை காய்ச்சலில் போனபோதும், "ரொம்பக் கஷ்டப்படாமப் போயிருச்சு" என்றார். அண்ணி வெகுநாள் அவரோடு பேசவில்லை.

வெளியூர் கிளம்புகிறவருக்கு நல்ல மனசுக்காரர் எதிரே வந்தால் காரியம் கூடும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. "அண்ணே, செத்த எதுத்தாப்ல வாரீகளா?" என்று விடியும்போதே ஆள் வந்துவிடும். அண்ணன் செம்பில் தண்ணீரோடு தெருமுனையிலிருந்து நடந்து வருவார். எங்கேயாவது நிம்மதியாகப் பிழைக்கலாம் என்று நான் கிளம்பியபோதெல்லாம் அவர்தான் எதிரே வந்தார். பம்பாயில் ஹோட்டல் எரிந்தது. மலேசியா ஏஜென்ட் மெட்ராஸிலேயே விட்டுவிட்டு ஓடினான். சூரத்தில் ஆலையை மூடினார்கள். வெறுங்கையோடு வந்து நிற்பேன். "இதுவும் நல்லதாப் போச்சு, சாப்பிடு" என்பார்.

ஈரல் கெட்டு அவரை மதுரைக்குக் கொண்டுபோகக் கார் வந்தது. எதிரே வரவேண்டியவர் காருக்குள் இருந்தார். என்னைக் கைகாட்டினார்.

"நானாண்ணே? போன எடமெல்லாம் வெளங்காமப் போனவன், என்னையவா எதுக்க வரச் சொல்றீக?"

"சூரத்துல நீ நெலச்சிருந்தா இன்னைக்கு எதுக்க வர ஆளு ஏதுடா? இதுவும் நல்லதாப் போச்சு. அங்குட்டுப் போயி நின்னு வா."

நடந்து வந்தேன். செம்பிலிருந்து பாதித் தண்ணீர் தெருவில் சிந்தியது. கண்ணாடி வழியே சிரித்தார். அதே காரில்தான் அவர் உடலைக் கொண்டுவந்தோம்.

துக்கம் கேட்க வந்த ஒருவர், "ரொம்பக் கஷ்டப்படாமப் போயிட்டாக" என்றார். அண்ணி என் பக்கம் திரும்பி, "இத அவுக சொன்னதுக்குத்தானே தம்பி அம்புட்டு நாளு பேசாம இருந்தேன்" என்றார்.

கார் கொடுத்தவருக்கும், ரத்தம் கொடுத்த பையன்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும் நன்றி.

அடுத்த மாதம் திருப்பூருக்குக் கிளம்புகிறேன். அண்ணியை எதிரே வரச் சொன்னேன். "தாலி அறுத்தவ எதுக்க வரக் கூடாது தம்பி" என்றார். ஆனால் செம்பைத் துலக்கி வைத்திருக்கிறார். உறவினர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: அன்று காலை அவர் தெருவில் நின்றால், யாரும் உள்ளே கூப்பிட்டுவிடாதீர்கள்.