டெப்போ வாசலில் வைத்த தராசு

தராசக்காவுக்கு இப்போதெல்லாம் காலைப்பொழுது நகரவே மாட்டேன் என்கிறது. ஒரு காலத்தில் விடிந்தும் விடியாமலும் உணவு வங்கிக் கொட்டகையைத் திறந்து, சாக்கு வாசனைக்கு நடுவே அரிசியையும் பருப்பையும் நிறுத்து, இல்லாதவர்களுக்கு இலவசமாகப் பை கட்டிக் கொடுத்தவள். ஒரு பிடி கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அதனால்தான் அந்தப் பெயர். அந்த நாளைய இரைச்சலை நினைத்தால் அவளுக்கு இன்னும் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இன்னொரு உணவு வங்கி. நடத்தியவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். இருவரும் எலியும் பூனையும். மார்க்கெட்டில் மிஞ்சும் காய்கறி யாருக்கு என்று ஒரே கூடையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். அப்பேர்ப்பட்டவர்கள் சேர்ந்து ஒரு வீட்டுக்குக் கிளம்பினார்கள் என்றால், சண்டை போடத்தான். துணி ஆலையில் தைக்கும் ஒருத்தி இரண்டு இடத்திலும் பை வாங்குகிறாள் என்ற சேதி காற்றுவாக்கில் இருவர் காதுக்கும் வந்திருந்தது.

"ரெண்டு எடத்துல கைய நீட்டுறியே, மத்தவங்க வயித்துல அடிக்கலாமா?" என்று அக்கா வாசலிலேயே ஆரம்பித்தாள்.

"அடிச்சது நான் இல்லக்கா. ஆலைக்குப் போற பஸ்ஸ நிறுத்திட்டாங்க. சம்பளத்துல பாதி வேனுக்கே போயிடுது. இந்தத் தெரு பூரா இதே கததான்."

டிரைவர் அக்கா பக்கம் திரும்பித் தலையில் அடித்துக்கொண்டார்.

"அது நான் ஓட்டுன ரூட்டும்மா! ஓட்டப் பானையில நாம ரெண்டு பேரும் போட்டி போட்டுத் தண்ணி ஊத்திட்டு இருந்திருக்கோம்."

அந்த பஸ்ஸைத் திரும்ப விடச் சொல்லி, பஸ் டெப்போவுக்குச் சேர்ந்து போய் மனுக் கொடுத்தார்கள். டெப்போ மேனேஜர் 'பார்க்கலாம்' என்றார். பார்க்கலாம் என்றால் பார்க்க மாட்டார் என்று யாருக்குத்தான் தெரியாது? அக்காவுக்குக் கோபம் வந்தால் யோசனையும் கூடவே வரும். இரண்டு கொட்டகையையும் பூட்டிவிட்டு, தராசைத் தூக்கிப்போய் டெப்போ வாசலில் வைத்தாள். இனி அரிசி, பருப்பு எல்லாம் இங்கேதான்.

ஆனால் நடுத்தெருவில் பையோடு நிற்க யாருக்கு மனசு வரும்? எல்லோரும் எதிர்ச்சாரியில் ஒதுங்கி நின்றார்கள். தையல்காரிதான் முதலில் வந்தாள். தலை நிமிர்ந்துதான் இருந்தது, ஆனால் யார் முகத்தையும் பார்க்காமல் பையை நீட்டினாள். அவள் பின்னால் வரிசை தெருமுனை வரை வளர்ந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் மேனேஜர் உள்ளே போக வேண்டும். எத்தனை நாள்தான் தாண்டுவார்? நின்றுபோன பஸ் திரும்ப வந்துவிட்டது.

அதற்குப் பிறகு வரிசை தேய்ந்துகொண்டே போனது. இரண்டு வங்கியும் ஒன்றாகி, வாரத்தில் ஒரு நாள் திறந்தாலே போதும் என்றாகிவிட்டது. டிரைவரோடு சண்டை பிடிக்கக்கூட ஒரு கூடை மிச்சமில்லை.

நேற்று இருவரும் சாலையோரம் நின்றபோது ஆலை பஸ் வந்தது. ஜன்னலோரம் தையல்காரி. அக்கா ஆசையாகக் கையைத் தூக்கினாள். அவள் பார்த்தாள், பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பாத்தியாம்மா, நன்றி கெட்ட ஜென்மம்!" என்றார் டிரைவர்.

அக்காவுக்கு நெஞ்சு வலிக்கத்தான் செய்தது.

"விடுங்கண்ணே. அன்னிக்கு அத்தனை பேர் பாக்கப் பையோட வந்து நின்னவ அவ. என்னைப் பாத்தா அதுதான ஞாபகம் வரும்? இனிமே என்னைத் தெரியாத மாதிரியே இருந்துட்டுப் போகட்டும்."