முன் சக்கரங்களுக்கு இரண்டு வேலை

மாசி மாதத்தில் எங்கள் பக்கத்துச் சாலைகளில் உளுந்து காயும். செடியோடு பிடுங்கி வந்து தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். வண்டிகள் ஏறி இறங்கினால் காய் வெடித்து மணி உதிரும். சாயங்காலம் சக்கையை அள்ளிப் போட்டுவிட்டு மணியைக் கூட்டித் தூற்றிக்கொள்வார்கள். இது ஆபத்து என்று நானே இரண்டு முறை செய்தி எழுதியிருக்கிறேன். ஆனாலும் உத்திரமேரூர் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்கள் உளுந்தைக் கண்டு ஒதுங்குவதில்லை. ஒதுங்கினால் அவன் வெளியூர்க்காரன், இல்லையென்றால் மனசில்லாதவன். செய்தி எழுதிய நானும் ஏறித்தான் போவேன்.

என் மனைவிக்கு மாகறலில் பள்ளிக்கூட வேலை. எனக்குக் காஞ்சிபுரத்தில் பத்திரிகை அலுவலகம். காலையில் அவளைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு நான் மேலே போவேன். வழியில் கிடைக்கும் அந்த அரை மணி நேரத்தில்தான் நாங்கள் பேசிக்கொண்டோம். வீட்டிலும் பேசுவோம்; அது சிலிண்டர், மோட்டார், மாமியாரின் மாத்திரை பற்றிய பேச்சு. காரில் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு, ஊர் எல்லை தாண்டியதும் அவள் வேறு குரலில் ஆரம்பிப்பாள். எந்தப் பெண் வரைபடத்தில் கடலை மேற்கே தள்ளினாள், யார் சோற்று டப்பாவில் முட்டை இல்லாமல் அழுதான், தனக்கு விடியற்காலையில் என்ன கனவு வந்தது. நான் ரோட்டைப் பார்த்தபடி கேட்பேன். முகம் பார்க்காமல் பேசுவது அவளுக்குச் சுலபமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

போன வருடம் மாசியில் ஒரு நாள், ஏரிக்கரையை ஒட்டிய இடது வளைவு முழுக்க உளுந்து கிடந்தது. ஓரத்தில் நின்றிருந்த அம்மாள் கையிலிருந்த கம்பை ஆட்டினாள்.

"அழுத்திப் போ நைனா. மெதுவா போனா காய் வெடிக்காது."

அழுத்தினேன். வளைவின் நடுவில் ஸ்டீயரிங் கையில் லேசாகிவிட்டது. சக்கரத்துக்கடியில் மணிகள் உருண்டுகொண்டிருந்தன. கார் திரும்பவில்லை. இன்னும் ஒடித்தேன். கால் ஆக்சிலேட்டரில் இருந்தது. முன் சக்கரங்கள் முழுக்க இடதுபுறம் திரும்பியிருக்க, கார் நேராகப் போய்க் கரையிலிருந்து சரிந்து, கால்வாய்ச் சேற்றில் மூக்கைக் குத்தி நின்றது. வேகம் அதிகமில்லை. பக்கத்து இருக்கையில் என் மனைவி முன்னால் கையை ஊன்றியிருந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது.

"கட்டுப்பாட்டை இழந்த கார்" என்று முப்பது வருடங்களாக எழுதி வருகிறேன். எழுதும்போது அது ஒரு நொடியில் நடக்கிற காரியம் போலத் தோன்றும். உண்மையில் நிறைய நேரம் இருந்தது. என்ன செய்ய வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

அவள் என்னைக் குறை சொல்லவில்லை. பார்க்க வந்தவர்களிடம், "உளுந்துல வழுக்கிச்சி" என்று மட்டும் சொன்னாள். மாவுக்கட்டு பிரித்த பிறகு வேலைக்குப் போன முதல் நாள், நான் காரைத் துடைத்து வெளியே எடுத்து நிறுத்தியிருந்தேன். அவள் இடது தோளில் பையை மாட்டிக்கொண்டு வந்தாள்.

"நான் பஸ்ல போறேங்க."

"எத்தன நாளைக்கு?"

"பாக்கலாம்."

அதற்குப் பிறகு தினமும் பேருந்துதான். சில நாள் அந்தப் பேருந்துக்குப் பின்னாலேயே நான் ஓட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும். பின் கண்ணாடியில் தூசு படிந்திருக்கும். எந்தத் தலை அவளுடையது என்று தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசிக்கொண்டு போகிறாளா, சும்மா போகிறாளா என்று யோசிப்பேன். முந்திப் போக இடம் கிடைத்தாலும் முந்த மாட்டேன். என் பக்கத்து இருக்கையில் தண்ணீர் பாட்டிலும் குறிப்பேடும் கிடக்கும். வீட்டில் சிலிண்டர் பேச்சு நடந்தது. மற்றது நின்றுபோயிற்று.

காரைச் சரிசெய்தவர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். என் வயதுதான். வண்டியை எடுக்கப் போனபோது, எப்படி ஆனது என்று கேட்டார். சொன்னேன். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஜீப் ஓட்டின கை சார் இது. நீ எத்தினி வருஷம் ஜீப்பு வச்சினு இருந்த?"

"பதினெட்டு."

"அதான். ஜீப்புல பின்னாடி சக்கரம் தள்ளும், முன்னாடி சக்கரம் திரும்பும். ஆளுக்கு ஒரு வேல. இதுல இழுக்கறதும் முன்னாடிதான், திரும்பறதும் முன்னாடிதான். நீ ஆக்சிலேட்டரையும் மெறிச்சிக்கினு, ஸ்டீரிங்கையும் ஒடிச்சிக்கினு இருந்தா அது இன்னா பண்ணும்? ரெண்டு பொண்டாட்டிக்காரன் மாதிரி யாரு வூட்டுக்கும் போவாம நேரா பூடும்."

"அப்ப என்ன பண்ணணும்?"

"ஒரு வேலய அதுங்கிட்ட இருந்து புடுங்கிக்கணும். கால மெள்ள எடு. ஸ்டீரிங்க கொஞ்சம் நேரா வுடு. சக்கரம் ரோட்ட புடிக்கும். புடிச்ச அப்புறம் திருப்பு." கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார், "ஆமா, பேப்பர்ல போட்டியா சார் இத?"

"இல்ல."

"எங்க வண்டிங்க கவுந்தா மட்டும் போட்டோ புடிச்சி போடுவீங்க."

சாவியை வாங்கிக்கொண்டு வந்தேன். வழுக்கும்போது ஸ்டீயரிங்கை நேராக விடு என்கிற யோசனையை உடம்பு ஏற்கவில்லை. போக வேண்டியது இடதுபுறம் என்றால், கை இடதுபுறம்தான் இழுக்கும். காகிதத்தில் படம் போட்டுப் பார்த்தேன். படத்தில் புரிந்தது.

ஆனி மாதம் ஏரி முழுக்க வற்றியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் காரை ஏரிக்குள் இறக்கினேன். நடுவில் மண் மாவு போல இருந்தது. நான்கு செங்கற்களை வைத்து ஒரு வளைவு அமைத்துக்கொண்டேன். முதல் இரண்டு வாரம் கார் செங்கல்லைத் தாண்டி நேராகப் போனது. பிறகு கால் கற்றுக்கொண்டது. கைக்குத்தான் நாளாயிற்று. வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். உள்ளே போன பிறகு கால் ஒரே அளவில் இருக்க வேண்டும். பயந்து சட்டென்று எடுத்தால், பாரம் முன்னால் சாய்ந்து, பின்பக்கம் வெளியே சுழலும். அப்படிச் சுழன்றால் பிரேக்கைத் தொடக் கூடாது. பின்பக்கம் எந்தப் பக்கம் போகிறதோ, ஸ்டீயரிங்கை அந்தப் பக்கமே திருப்பி, காலை லேசாகக் கொடுக்க வேண்டும். கண் செங்கல்லைப் பார்க்கக் கூடாது. போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். கல்லைப் பார்த்தால் கல்லுக்குத்தான் போகும்.

என் சட்டையில் புழுதியைப் பார்த்து அவள் கேட்டாள்.

"ஏரிக்குள்ள இன்னா பண்ணினு கீறீங்க? ஆடு மேய்க்கிறவங்கல்லாம் ஸ்கூல்ல வந்து சொல்றாங்க. டீச்சர் வூட்டுக்காரருக்கு இன்னாமோ ஆயிடுச்சின்னு."

"வளைவு பழகறேன்."

"எதுக்கு?"

உனக்காக என்று சொல்ல முடிகிற வயதும் பழக்கமும் எங்களுக்கு இல்லை. "சும்மா" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளும் வந்தாள். காரில் இல்லை, நடந்து வந்தாள். கரையில் குடை பிடித்து நின்று, நான் ஆறு சுற்று சுற்றுவதைப் பார்த்தாள். ஆறிலும் கார் செங்கல்லுக்கு உள்பக்கமே திரும்பியது. நிறுத்தினேன். அவள் இறங்கி வந்தாள். பக்கத்துக் கதவைத் திறப்பாள் என்று நினைத்து, தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பின்னால் போட்டேன். அவள் என் பக்கம் வந்து நின்றாள்.

"எறங்குங்க."

கல்யாணமான புதிதில் லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தாள். புதுப்பித்துக்கொண்டே வந்தாள், ஓட்டியதில்லை. இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து விளக்க ஆரம்பித்தேன். இரண்டாவது சுற்றில் காரை நிறுத்திவிட்டாள்.

"பேசாதீங்க. நீங்க பேசினா சக்கரம் புடிக்குதா வுடுதான்னு காதுக்கு வர மாட்டேங்குது."

எனக்கு அப்போதுதான் தெரிந்தது, சக்கரம் வழுக்குவதற்கு முன்னால் ஒரு சத்தம் உண்டு. மண் உராய்கிற சத்தம் மெலிந்து, வழவழப்பாகும். அவள் அதைக் கேட்டுக் காலை எடுத்தாள். ஜீப் ஓட்டாத கை. நான் ஆறு வாரம் பழகியது அவளுக்கு மூன்று வாரத்தில் வந்துவிட்டது. ஆவணி பிறந்ததும் அவள் காரிலேயே பள்ளிக்குப் போனாள், அவளே ஓட்டிக்கொண்டு. நான் இடது பக்கம் உட்கார்ந்தேன். பள்ளி வாசலில் அவள் இறங்க, நான் மாறி உட்கார்ந்து காஞ்சிபுரம் போனேன்.

அந்த அரை மணி நேரம் திரும்பக் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அவள் பேசவில்லை. ஏறியதும் ரேடியோவை அணைப்பாள். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில், தலை சற்று முன்னால், காது ரோட்டில். நான் ஏதாவது சொன்னால், "உம்" என்பாள். கோபம் இல்லை. ஒரு கை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, பேருந்துக்குப் பின்னால் போன நாட்களில் இருந்தது போலவே இருந்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. நடவுக்காக வயலில் சேடை ஓட்டிவிட்டு ஏறிய டிராக்டர்கள் ரோடெல்லாம் சேற்றை இறைத்திருந்தன. செய்யாற்றுப் பாலத்துக்கு முந்திய நேர் ரோட்டில் ஒரு காலை அவள் திடீரென்று, பழைய குரலில், "நேத்து எட்டாங்கிளாஸ்ல ஒரு பொண்ணு..." என்றாள்.

நான் அசையவில்லை.

எதிரே வலது வளைவு. நடுவில் சேறு. அவள் பேச்சை நிறுத்திக்கொண்டாள். வேகம் குறைந்தது. உள்ளே போனதும் முன்பக்கம் நழுவியதை இருக்கையில் உணர்ந்தேன். என் வலது கால் தரையை அழுத்தியது. அவள் கால் எழுந்தது. ஸ்டீயரிங் ஒரு விரல்கடை நேராகி, ஒரு கணம் காத்திருந்து, மறுபடி திரும்பியது. சக்கரங்கள் பிடித்தன. கார் வளைவைச் சுற்றி வெளியே வந்தது. அவள் உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

ரோடு நேராயிற்று. ஆற்றில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணுக்கு என்ன ஆனது என்று கேட்க வாயெடுத்தேன். அவள் இன்னும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தாள். பள்ளி வாசல் வரைக்கும் காத்திருந்தேன்.