பௌர்ணமியன்று படித்துக்கொள்ளலாம்

நேற்று சாயங்காலம் அக்கா மகள் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். கல்லூரியில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. முதல் செமஸ்டருக்கு எந்தெந்தப் பாடம் வேண்டும் என்று அவளே டிக் அடிக்க வேண்டுமாம். “சித்தி, இவ்ளோ எடுத்தா ஜாஸ்தியா?” என்றாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாள். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன், நீங்களாவது கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள்.

நான் பி.காம். சேர்ந்தது இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்களில். பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் தொல்லையெல்லாம் எங்களுக்குக் கிடையாது, கொடுப்பதைப் படிக்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் காலத்துத் திருவண்ணாமலையில் காலேஜுக்குப் போகிற பெண் காலேஜுக்கு மட்டும் போனால் ஊர் சும்மா விடாது. டைப் போகவில்லையா, கம்ப்யூட்டர் சேரவில்லையா, இந்தி எப்போது என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கூடக் கேட்பார். எனக்கோ யாரும் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. மலைப்பாதையில் இருக்கிற எங்கள் ஊர் அடி அண்ணாமலையிலிருந்து தினமும் தனியாக டவுனுக்கு பஸ் ஏறப்போகிறோம் என்பதிலேயே தலைகால் புரியவில்லை. எதைச் சொன்னாலும் சேர்ந்துவிடுகிற நிலைமையில் இருந்தேன்.

வீட்டில் நைனா, அதாவது என் அப்பா, ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். “படி, வாணான்னு சொல்லல. ஒரு பேப்பர் போச்சுன்னா அதோட நிறுத்திடுவேன். மாமா வூட்ல பொண்ணு கேட்டுக்கினே கீறாங்க.” நிறுத்துவேன் என்றால் நிறுத்திவிடுகிற ஆள். மாமா வீட்டுப் பையனைப் பற்றி நான் இங்கே ஒன்றும் சொல்லப்போவதில்லை, அவன் இப்போது நல்ல மனிதனாகத்தான் இருக்கிறான்.

டைப்ரைட்டிங் வகுப்பு ஒரு மாடியில். படியேறும்போதே ரிப்பன் மையும் மெஷின் எண்ணெயும் கலந்த வாசனை வரும். காலை ஆறரைக்கே அத்தனை மெஷினும் தடதடக்கும். கம்ப்யூட்டர் சென்டர் அதற்கு நேர்மாறு, கப்சிப். செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கண்ணாடிக் கதவைத் தள்ளினால் ஏ.சி. குளிர் முகத்தில் அடிக்கும். கோயிலில்கூட நான் அவ்வளவு பக்தியாகச் செருப்பைக் கழற்றியதில்லை. பிறகு ஸ்போக்கன் இங்கிலீஷ். அதற்கும் பிறகு இந்தி.

இத்தனைக்கும் கூட்டாளி தேன்மொழி. என் வகுப்புதான், கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. இருவரும் உட்கார்ந்து ஸ்கெட்ச் பேனாவால் கலர் கலராக ஒரு டைம்டேபிள் போட்டோம். போட்டு முடித்துப் பார்த்தால், படிப்பதற்கென்று அதில் நேரமே இல்லை.

“பௌர்ணமிக்கு டவுனுக்குள்ள பஸ் வராது இல்ல, கிளாஸ் எதுவும் இருக்காது. அன்னிக்கு உக்காந்து மொத்தத்தையும் படிச்சுடலாம்டி,” என்றாள் தேன்மொழி.

என்ன மூளை என்று அவளைக் கட்டிக்கொண்டேன். அந்த மாதம் முழுக்க எது புரியாவிட்டாலும் பௌர்ணமி என்று எழுதி ஓரமாகத் தள்ளி வைத்தோம். அக்கவுண்ட்ஸ் முழுக்கவே பௌர்ணமிக்குப் போய்விட்டது. தமிழ் மீடியத்திலிருந்து வந்த எனக்கு டெபிட்டும் கிரெடிட்டும் ஒரே மாதிரிதான் தெரிந்தன.

பௌர்ணமியும் வந்தது. மலை சுற்ற வருகிறவர்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் போக வேண்டும். நைனாவுக்கு மாதத்தில் பெரிய வியாபாரமே அன்றைக்குத்தான். வேர்க்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம். அண்டா நிறைய வேகவைத்து, பாதையோரம் தள்ளுவண்டி போடுவார். பொட்டலம் மடிப்பது பிறந்ததிலிருந்து என் வேலை. இது எனக்கு எப்படி மறந்தது என்று கேட்காதீர்கள். காலேஜ் சேர்ந்ததும் வேறு ஆளாகிவிட்டேன் என்று நினைத்திருப்பேன். பொழுது சாய்வதற்குள் கை முழுக்க உப்பு, புத்தகம் வண்டிக்கு அடியில். அங்கே தேன்மொழி வீட்டில் சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து இறங்கி, அவள் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளே டெஸ்ட். அக்கவுண்ட்ஸில் இரண்டு பேரும் பெயில். கிளாஸ் டெஸ்ட்தான், ஆனால் செமஸ்டரிலும் இப்படியே போனால் என்று நினைத்ததும் மாமா வீட்டு மாட்டுக்கொட்டாய் கண்ணுக்கு முன்னால் வந்தது. நிஜமாகவே அழுதேன்.

“எதையாச்சும் உட்றணும்டி,” என்றாள் தேன்மொழி.

“எத?”

“எத உட்டா உனக்கு அழுக வருமோ, அத மட்டும் வெச்சுக்கோ.”

இந்தியை விட்டேன், அழுகை வரவில்லை. ஸ்போக்கன் இங்கிலீஷை விட்டபோது சந்தோஷமாகவே இருந்தது. கம்ப்யூட்டரை விட்ட அன்றைக்குத்தான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்ப மனசே வரவில்லை. அந்த ஏ.சி.க்காகவா என்றால், அதற்காகவும்தான். ஆனாலும் விட்டேன். டைப்பும் காலேஜும் மட்டும் மிஞ்சின. சாயங்காலங்கள் திடீரென்று அகலமாகிவிட்டன. காலேஜ் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து இருவரும் கணக்குப் போட்டோம். ஒரு நாள் என் பேலன்ஸ் ஷீட் இரண்டு பக்கமும் சரியாக வந்து நின்றபோது எனக்கு வந்த குஷி இருக்கிறதே, எழுந்து ஒரு சுற்று ஓடிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

செமஸ்டர் ரிசல்ட் வந்தது. எல்லா பேப்பரும் பாஸ். நைனாவிடம் சொன்னேன். “ம்,” என்றார், அவ்வளவுதான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அடுத்த பௌர்ணமி. வெளிச்சம் இருக்கும்போதே கூட்டம் வரத் தொடங்கிவிட்டது. வெளியூர்த் தம்பதி மல்லாட்டை கேட்டார்கள். நைனா அளந்து போட்டுக்கொண்டே, “இது எங்க பொண்ணுங்க. பி.காமு. அல்லா பேப்பரும் பாஸுங்க,” என்றார். அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். அடுத்து வந்த பெரியவரிடமும் அதையே சொன்னார். அதற்கடுத்து வந்த தெலுங்குக்காரர்களிடம் கையை ஆட்டி ஆட்டித் தெலுங்கிலேயே சொன்னார்.

“நைனா, சும்மா இரு. மானம் போவுது.”

“ஏன், பொய்யா சொல்றேன்?” என்று அடுத்த ஆளைப் பார்த்துத் திரும்பிவிட்டார்.

டைப் மாடியில் இன்று செல்போன் ரிப்பேர் கடை. கண்ணாடிக் கதவு போய் அந்த இடத்தில் லாட்ஜ் வந்துவிட்டது. பாதையை அகலப்படுத்தியபோது எங்கள் வண்டி நின்ற இடமும் போனது. அதற்குப் பிறகு நைனாவும் ரொம்ப நாள் இருக்கவில்லை. போன மாதம் எனக்கு ஆபீசில் பிரமோஷன். வீட்டுக்காரர் கேக் வாங்கி வந்தார், வாட்ஸப் குரூப்பில் எல்லாரும் கை தட்டும் படம் போட்டார்கள். எனக்குச் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வழியோடு போகிற யாரோ ஒருவரை நிறுத்தி, “எங்க பொண்ணுங்க,” என்று சொல்ல ஆளில்லை.