பிரபுவுக்கு வந்த மறுமொழி

கறுப்புக் கரை போட்ட தாள். சுற்றிலும் விரல் அகலத்துக்கு இருட்டு, நடுவில் மீந்த வெள்ளையில் வலப்பக்கம் சாய்ந்து ஓடும் கையெழுத்து. அந்தக் காலத்து இங்கிலாந்தில் துக்கம் காக்கிற வீட்டார் இப்படிப்பட்ட தாளில்தான் எழுதினார்கள். மாதங்கள் போகப் போகக் கரை மெலிந்த தாளுக்கு மாறி, ஒருநாள் வெறும் வெள்ளைக்குத் திரும்பிவிடுவார்கள். எங்கள் பிரபு திரும்பவில்லை. விக்டோரியா ராணியின் மந்திரி, காடும் மாளிகையும் ஆண்ட பரம்பரை, உலகப்படத்தில் கோடு கிழித்த கை. அம்மா செத்துப் பல வருஷங்கள் ஆன பிறகும், கப்பலேறி சிட்னிக்கு வந்துவிட்ட தங்கைக்கு அதே அகலக் கரைத் தாளில்தான் அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

தங்கை வாங்கி வைத்த அந்தக் கடிதங்கள் பெட்டி பெட்டியாகச் சிட்னியில் நான் வேலை பார்த்த நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. அவற்றைப் படித்துக் கணினியில் ஏற்றும் வேலை எனக்கும் அக்காவுக்கும். அக்கா என்றால் கூடப் பிறந்தவர் அல்ல; யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் மெரிலேண்ட்ஸிலிருந்து ரயிலில் வருவேன், அவர் ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்து. வேலையில் எங்களுக்கு ஒரு முறை இருந்தது. ஒருத்தி மூலக் கடிதத்தைக் காற்புள்ளி உட்பட உரக்க வாசிக்க வேண்டும். மற்றவள் தட்டச்சான பிரதியில் கண்ணை ஓட்டி, வரிக்கு வரி ‘ம்’ சொல்ல வேண்டும். இருவர் கேட்காத கடிதம் வாசித்த கடிதமாகாது. தனியாகப் படித்தால் மனசு தனக்கு வேண்டியதைப் படித்துவிடும் என்பதுதான் காரணம்.

வாசிப்பது எப்போதும் அக்கா. ‘ம்’ எப்போதும் நான்.

பொறாமையை நான் மறைக்கப்போவதில்லை, மறைத்தாலும் எழுத்தில் எட்டிப்பார்க்கும். அந்தக் குரலைப் பார்த்துத்தான் முதலில் எரிந்தேன். கவிதை எழுதுகிறவள் நான். மேடையில் என் வரிகள் எனக்கே உமி மாதிரி உதிரும். பிரபு தன் தங்கைக்கு மழையைப் பற்றி எழுதிய சாதாரண வாக்கியத்தை அக்கா வாசித்தால், பக்கத்து மேசைக்காரர் பென்சிலை வைத்துவிட்டுக் கேட்பார். பிறகு அவருடைய சிரிப்பு. பிறகு அவருடைய சேலைகள். பிறகு, கிறுக்கலை அவர் கண் எட்டிப் பிடிக்கும் வேகம். “உமக்கு இது விளங்கேல்லையே? மனுசன் பல்லுக்கொதியில எழுதியிருக்கிறார், பாரும்,” என்பார். பார்த்தால் பல்வலியோடு எழுதிய மாதிரித்தான் இருக்கும்.

அந்தக் கடிதங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. தாய் சாகக் கிடந்தபோது பிரபு பாராளுமன்றத்தில் ஒரு வாக்கெடுப்புக்காக லண்டனில் தங்கிவிட்டார். கட்டிலருகே இருந்தவள் தங்கை. ‘அம்மா கடைசியில் என்னைக் கேட்டாளா?’ வரவு செலவுத் திட்டம், குதிரைக்கு வந்த காய்ச்சல், ராணி சொன்ன நகைச்சுவை எல்லாம் எழுதி, கடைசியில் இடமில்லாத ஓரத்தில் அதைக் கேட்டிருப்பார். அடுத்த கப்பலில் மறுபடியும். தேசங்களுக்கு உத்தரவு போட்டவர் இந்த ஒன்றுக்கு மட்டும் கெஞ்சினார்.

என் அம்மா மதுரையில் இறந்துபோனபோது நான் மெரிலேண்ட்ஸில் இருந்தேன். பக்கத்தில் இருந்தவன் அண்ணன். அவனிடம் இதைக் கேட்க எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை. ஆகவே பிரபுவின் மேலும் எனக்குப் பொறாமைதான். கேட்டுவிட்டாரே. மறைக்காமல், வெட்கப்படாமல், கப்பல் கப்பலாகக் கேட்டாரே. ஓரத்து வரியை அக்கா வாசிக்கும்போதெல்லாம் என் ‘ம்’ கொஞ்சம் பிந்தி வரும்.

தங்கை என்ன சொன்னாள் என்பது எங்களிடம் இல்லை. ஒருவருடைய பெட்டியில் இருப்பது அவருக்கு வந்தவைதானே. அவர் எழுதியவை அடுத்தவர் வீட்டில். தங்கையின் மறுமொழிகள், இருந்தால், இங்கிலாந்தில் பிரபுவின் மாளிகையில் இருக்க வேண்டும். அது இன்றும் தனியார் வீடு. படம் எடுக்க விடமாட்டார்கள். நேரில் போய்ப் பார்க்கலாம். ஒருநாள் எங்கள் நூலகத் தலைவி, அங்கே என்னென்ன பெட்டிகள் உண்டு என்று குறித்துவர ஒருவரை அனுப்பப்போவதாகச் சொன்னார். ஒருவரைத்தான். நான் விண்ணப்பத்தை எழுதி எழுதிக் கிழித்தேன். அக்கா போனார்.

அவர் திரும்பி வந்த அன்று காலை நான் மேசையை மாற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டேன். அக்காவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. நான் கேட்டால் அவர் சொல்லுவார். அந்தக் குரலில், எனக்கு மட்டும் வேண்டிய ஒன்றை, அவர் ஏற்கெனவே கடந்துபோன ஒன்றாகச் சொல்லுவார். கேட்கவில்லை. கொஞ்ச நாளில் மகளுக்குப் பிள்ளை பிறந்ததென்று மெல்பேர்னுக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். வாட்ஸ்அப்பில் பொங்கல் வாழ்த்து வரும், பேரப்பிள்ளை படம் வரும். நான் ஒரு கைகூப்பும் பொம்மையை அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைப்பேன்.

போன மாதம் ஒரு கவிதை வாசிப்புக்காக மெல்பேர்ன் போனேன். கூட்டத்தில் பின்வரிசையில் அக்கா. முடிந்ததும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

“வாரும், குசினிக்குள்ளயே இரும். அந்தக் கதிரையை இழும். கவிதை நல்லாத்தான் இருந்தது. வாசிச்சதுதான் டாக்டர் சீட்டு வாசிக்கிற மாதிரி.”

“ஆமா, உங்க அளவுக்கு வருமா,” என்றேன், நாற்காலியை இழுத்துப் போட்டபடி. குரலில் புளிப்பு எனக்கே கேட்டது.

அவர் அடுப்படியில் கத்தியை எடுத்து வெங்காயம் உரிக்கத் தொடங்கினார். அடக்கி வைத்திருந்தது அந்த மணத்தோடு வெளியே வந்துவிட்டது. “அக்கா, அந்தத் தங்கை பதில் எழுதினாங்களா? அம்மா அவரைக் கேட்டாங்களா?”

“இப்பதான் கேட்கிறீர் என்ன. வந்த அண்டைக்கே சொல்லுவம் எண்டு உமக்கும் சேர்த்து இடியப்பம் கட்டிக்கொண்டு வந்தனான். நீர் மேசையைத் தூக்கிக்கொண்டு ஓடிட்டீர்.”

“சொல்லுங்க.”

“தெரியாது.”

“போய்ப் பார்த்தீங்கதானே?” என்றேன்.

“கட்டு இருந்தது,” என்றார். “தங்கையின்ர கையெழுத்து, நாடா போட்டுக் கட்டி. பெட்டி இலக்கத்தை எழுதினனான். திரும்ப வைச்சிட்டு வந்தனான்.”

“நேரம் இல்லையா?”

“ஒரு பின்னேரம் முழுக்க இருந்தது. ஆசையும் இருந்தது, கை அதுக்குக் கிட்டப் போனது. நான் வாசிச்சா ஆர் ‘ம்’ சொல்லுறது? நீர் இல்லாமல் வாசிக்கிறது வாசிப்பே? அதுவும் அந்த வரியை.” கத்தி நின்றது. “அந்த வரி வந்தா உமக்கு ‘ம்’ பிந்தும். எனக்குத் தெரியாதெண்டு நினைச்சீரோ? அந்த மாளிகைக்காரருக்கு எழுதிப் போட்டிருக்கிறன், ரெண்டு பேர் வருவம் எண்டு. இன்னும் மறுமொழி வரேல்லை.”

மெல்பேர்னின் சாம்பல் வெளிச்சம் ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தது. அவரிடம் இருப்பதாக நினைத்து நான் இத்தனை காலம் எரிந்த பொருள் அவரிடம் இல்லவே இல்லை. நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. என்னை அனுப்பியிருந்தால், கட்டு மேசைக்கு வந்த கணமே நாடாவை அவிழ்த்திருப்பேன். யாருக்கும் காத்திருக்க மாட்டேன். யாரையும் நினைத்திருக்கக்கூட மாட்டேன். குரலின் மேல் இருந்த பொறாமை எழுந்து, பதிலின் மேல் இருந்த பொறாமை எழுந்து, இரண்டும் சேர்ந்து, வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்த அந்த விரல்களின் மேல் போய் உட்கார்ந்தன. அவிழ்க்காத விரல்கள். அங்கேயிருந்து அந்தப் பொறாமை இன்னும் எழுந்திருக்கவில்லை.