எங்கள் வீட்டில் வெள்ளைப் பூ, அவள் வீட்டில் சிவப்பு

தணிகை முருகனை நம்பி வாழும் சொந்தங்களே, சந்தோஷச் செய்தி என்று நினைத்து இதைப் படிக்கத் தொடங்காதீர்கள். என் தோழி கல்பனா ஐந்து மாதம் வெளிநாட்டில் அடைபட்டுக் கிடந்தாள். அவள் அங்கே போனதில் எனக்கும் பங்கு உண்டு. அதை மறைத்துவிட்டு முருகன் செய்த உதவியை மட்டும் சொன்னால் அது பாதிச் சாட்சிதான்.

எனக்கு ஊர் கனகம்மாசத்திரம். அப்பா நெல்லும் வேர்க்கடலையும் பயிர் வைக்கிறார். கல்பனா ஆர்.கே.பேட்டை பக்கம். வீட்டில் தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார்கள், அப்பாவை நைனா என்பாள். ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு, கம்ப்யூட்டர் சயின்ஸ். இரண்டாம் வருடம் முடியும்போது இருவருக்கும் ஒரே ஆசை வந்தது. ஒரு செமஸ்டராவது வெளிநாட்டில் படிக்க வேண்டும்.

இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று கல்லூரியே அனுப்புவது. அதற்கு ஆங்கிலத் தேர்வு, நேர்காணல், ஒரு வருடக் காத்திருப்பு. இடமும் நாலு பேருக்குத்தான். இன்னொன்று ஒரு ஏஜெண்ட் காட்டியது. தேர்வே கிடையாது. பாதி நாள் வகுப்பு, பாதி நாள் பயிற்சி வேலை, அடுத்த மாதமே விமானம்.

ஏஜெண்ட் சொன்ன பல்கலைக்கழகத்துக்கு நான் ஒரு மெயில் போட்டேன். அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது. எழுத்துப் பிழையாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கல்பனாவிடம் சொல்லவில்லை.

மறுநாள் கிருத்திகை. பூ பார்த்து முடிவு செய்யலாம் என்று மலையேறினோம். வெள்ளை அரளியை ஒரு தாளிலும் சிவப்பு அரளியை ஒரு தாளிலும் மடித்து, முருகன் முன்னால் வைத்து, யாரையாவது ஒன்றை எடுக்கச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். ஏஜெண்ட் காட்டும் இடத்துக்குப் போகலாமா, வேண்டாமா? அதுதான் கேள்வி. அப்போதுதான் மொட்டை போட்டு வந்திருந்த ஓர் அம்மா பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். சிவப்பு.

"போலாம்டி! செவப்பு முருகன் பூடி!" என்று கல்பனா குதித்தாள்.

"இல்லடி. எங்க வூட்ல வெள்ள வந்தாதான் போறது. செவப்பு வந்தா நிறுத்திடுவாங்க."

"எங்க வூட்ல செவப்புதான் சரி. நைனா கெணறு வெட்டுனதே செவப்பு பாத்துதான்."

பூ பார்ப்பதற்கு முன்னால், எந்தப் பூவுக்கு எந்தப் பதில் என்று நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. சாமி முன்னாலேயே சண்டை போட்டோம். அவள் சிரித்துக்கொண்டே இறங்கினாள், நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினேன். மெயில் விஷயத்தை அந்தப் படிகளில் எந்தப் படியில் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் முதலில் போகட்டும், நல்ல இடமாக இருந்தால் நாமும் போகலாம் என்று கணக்குப் போட்டேன். என் மனசு அவ்வளவு சின்னதாக இருந்தது.

கல்பனா போனாள். முதல் வாரம் போட்டோ வந்தது. பிறகு ஒன்றுமே இல்லை. ஏஜெண்டைக் கேட்டால், "படிப்பு ஜாஸ்தி, போன் பேச நேரமில்ல" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை. வகுப்பில் அவள் இடத்தில் யாராவது பையை வைத்தால்கூட அழுகை வந்தது. மூன்றாம் மாதம் தனியாக மலையேறினேன். "அவள் உயிரோடு வந்தால் போதும், என் முடியைக் கொடுக்கிறேன். நான் செய்தது தப்புதான் முருகா" என்று வாய்விட்டு அழுதேன்.

மூன்றாம் நாள் மதியம் கல்லூரி கேண்டீனில் இருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. கல்பனா! பின்னால் ஓர் ஆள் இருமுவது கேட்டது.

"நல்லா கீறேன்டி. நல்லா படிச்சிகினு இருக்கேன். நீயும் வந்துடு." எழுதிக் கொடுத்ததை வாசிப்பவள் மாதிரி பேசினாள். பிறகு வேகமாக, "கெளம்பறதுக்கு முன்னாடி மலையில பூ பாருடி. எங்க வூட்டு வழக்கத்துல பாக்காத. உங்க வூட்டு வழக்கம்தான் சரி" என்றாள். போன் கட்டாகிவிட்டது.

அன்று வந்தது சிவப்பு. எங்கள் வீட்டு வழக்கத்தில் சிவப்பு என்றால் போகாதே. வராதே என்கிறாள்.

அன்றே அவள் நைனாவிடம் ஓடினேன். அவருக்கும் போன் வந்திருந்தது. "கொழந்த நல்லா கீறேன்னு அதுவே சொல்லுது. நீ ஏம்மா அபசகுனமா பேசிகினு இருக்க?" என்றார். பூ விஷயத்தைச் சொன்னேன். மெயில் திரும்பி வந்ததையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, ஸ்டேஷனுக்குப் போலாம்" என்றார்.

ஸ்டேஷனில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர். பொண்ணே நன்றாக இருக்கிறேன் என்று பேசியிருக்கும்போது என்ன புகார் என்று அலுத்துக்கொண்டார். நான் பூ பார்த்ததைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். சிரிப்பார் என்று பயந்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆங், எங்க வூட்ல செவப்பு, அவரு வூட்ல வெள்ள. என் கல்யாணமே அதால ரெண்டு மாசம் தள்ளிப்போச்சு. நீ முழுசா சொல்லும்மா" என்று பேனாவைத் திறந்தார். வேறு ஊர்க்காரர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் எங்களைத் திருப்பி அனுப்பியிருப்பார். அவரை அங்கே உட்கார வைத்தது முருகன்தான். இதை யார் மறுத்தாலும் நான் கேட்க மாட்டேன்.

புகார் தூதரகம் வரை போனது. சில வாரங்கள் கழித்து, ஆற்றோரம் வேலி போட்ட ஒரு கட்டடத்திலிருந்து கல்பனாவையும் இன்னும் சிலரையும் மீட்டார்கள். அங்கே வகுப்பும் இல்லை, பல்கலைக்கழகமும் இல்லை. போனில் தமிழ் ஆட்களிடம் இனிக்க இனிக்கப் பேசி ஏமாற்றுவதுதான் வேலை. மாட்டேன் என்றால் அடி. அவளுக்கு இடது காது போய்விட்டது. ஊர் திரும்பியதும் அவள் வீட்டுக்குப் பார்க்கப் போனேன், படுத்திருந்தாள்.

"இந்தக் காது கேக்கலடி. ஆனா நான் ஏமாத்துனவங்க கொரல் இதுலதான் கேட்டுகினே இருக்குது" என்றாள்.

அன்றுதான் மெயில் விஷயத்தை அவளிடமும் சொன்னேன். எப்போது போட்டாய் என்று கேட்டாள். பூ பார்த்ததற்கு முந்தின நாள் என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மொட்டை போட்டு வேண்டுதலை முடித்தேன். இப்போது கல்லூரியில் வெளிநாட்டுப் படிப்பு தேடும் ஜூனியர்களோடு உட்கார்ந்து, ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் நேரே எழுதி, பதில் வந்த பிறகுதான் விண்ணப்பம் போட விடுகிறேன். நம்பிக் கேளுங்கள் சொந்தங்களே, அவன் பதில் சொல்லுவான். ஆனால் தெரிந்ததை மூடி மறைத்துக்கொண்டு அவன் முன்னால் போய் நிற்காதீர்கள். அந்த மெயில் திரும்பி வந்தபோதே எனக்கு அவன் பதில் சொல்லிவிட்டான்.

உயிரோடு வரட்டும் என்று கேட்டேன், அதைக் கொடுத்தான். அதற்கு மேல் கேட்க அன்று எனக்குத் தோன்றவில்லை. கல்பனா இன்னும் போனைத் தொடுவதில்லை. மணி அடித்தாலே அறைக்குள் ஓடிவிடுகிறாள். மலைக்குப் போகும்போது அவள் பெயரைச் சொல்லி ஒரு நிமிடம் வேண்டிக்கொள்ளுங்கள். அவள் மறுபடி போனை எடுத்து யாரோடாவது பேச வேண்டும். என்னோடு இல்லாவிட்டாலும் பரவாயில்லை.